வடித்துக் கொட்டிய கைப்பு

முற்றத்தில் விரித்த பழைய வேட்டியின் மேல், வெயிலில் வெடித்துக் கிடந்த வெள்ளை மாவுதான் முதலில் நினைவுக்கு வருகிறது. வாழ்நாளின் பெரும்பகுதியைப் பொடிகளோடும் கரைசல்களோடும் கழித்தவன் நான். அவ்வளவு வெள்ளையைப் பிறகு எந்த ஆய்வுக்கூடத்திலும் பார்த்ததில்லை. அதை எடுத்தவள் என் மைனி, அண்ணனின் மனைவி. அண்ணனைப் பிழைக்க வைக்கும் மருந்து என்று நம்பி எடுத்தாள். அந்த வெள்ளைதான் அதில் மருந்து இல்லை என்பதற்கு அடையாளம் என்று எங்கள் வீட்டில் அப்போது யாருக்கும் தெரியாது. தெரிந்தபோது காலம் கடந்திருந்தது. இதை எழுத வேண்டும் என்று பல வருடங்களாக நினைத்து, ஒவ்வொரு முறையும் சலிப்பாக இருக்கிறது என்று பேனாவை மூடி வைத்திருக்கிறேன். இப்போதும் சலிப்பாகத்தான் இருக்கிறது. ஆனால் இனி தள்ளிப்போட வயதில்லை.

அந்தக் கொடியைச் சீந்தில் என்று பாடங்களில் சொல்லிக்கொடுத்தேன். மைனியின் ஊர்ப்பக்கம் அதற்கு அமிர்து என்று பெயர். வெற்றிலையைப் போன்ற இலை, கட்டைவிரல் பருமனுக்குத் தண்டு. தண்டின் மேல் காகிதம் போல ஒரு தோல் உரிந்து தொங்கும். கீழே வெட்டிவிட்டாலும் சாகாது. மேலே மரத்தில் கிடக்கும் துண்டிலிருந்து நூல் நூலாக வேரை இறக்கி மண்ணைப் பிடித்துக்கொள்ளும். அமிர்து என்ற பெயரே அதனால் வந்ததுதான். எங்கள் வீட்டுக் கிணற்றங்கரை வேம்பில் அது படர்ந்திருந்தது. வேம்பில் படர்ந்த சீந்திலுக்கு வீரியம் கூடுதல் என்பது வைத்தியர்களின் கணக்கு. விடாத காய்ச்சலுக்கு அதன் சாறும் தேனும் கொடுப்பார்கள். கைகால் மூட்டுகள் சிவந்து வீங்கினால் சுக்கோடு சேர்த்துக் கஷாயம் வைப்பார்கள். நீரிழிவுக்கு நெல்லிக்காயும் மஞ்சளும் சேரும். எந்த வகையில் கொடுத்தாலும் அதன் கைப்பு மட்டும் ஒளியாது. நாக்கின் வேர்வரை போய் உட்கார்ந்துகொண்டு மத்தியானச் சோறு வரை இறங்காது.

மைனி களியக்காவிளைக்குப் பக்கத்திலிருந்து எங்கள் வீட்டுக்கு வந்தவள். நாங்கள் நாஞ்சில் நாட்டு வயல்காரர்கள். நெல் எங்களுக்கு வெறும் தானியமல்ல, தலைக்கனம். மேற்கேயிருந்து பெண் வந்தால் அவள் பேச்சையும் கிழங்கையும் கேலி செய்யாமல் எங்களுக்குச் சோறு இறங்காது. தண்ணீரை வெள்ளம் என்பாள், நோயைச் சூக்கேடு என்பாள். எங்கள் அம்மை அதை அவள் காதுபடவே திரும்பச் சொல்லிச் சிரிப்பாள். ஆனால் ஒரு விஷயத்தில் ஊரே மைனியிடம்தான் வந்து நின்றது. அதுதான் கூவைமாவு. கூவைக்கிழங்கைத் தோண்டிக் கழுவி, ஆணியால் ஓட்டை போட்ட தகரத்தில் உரசி, துணியில் கட்டிப் பிழிந்து தண்ணீரில் கரைத்து வைப்பாள். மாவு அடியில் தங்கும். மஞ்சளும் கைப்பும் மேலே தண்ணீரில் நிற்கும். அதை வடித்துக் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீர் விட்டுக் கலக்குவாள். மறுபடி தங்கும், மறுபடி வடிப்பாள். தண்ணீரைத் தொட்டு நாக்கில் வைத்துக் கைப்பு அறவே இல்லை என்று ஆகும்வரை அவளுக்குத் திருப்தி வராது. ஊரில் எந்தக் குழந்தைக்கு வயிற்றோட்டம் என்றாலும் அந்த மாவில் காய்ச்சிய கஞ்சிதான். அதைக் கேட்டு வருகிறவர்கள் வாசலில் நிற்கும்போது மட்டும் அம்மை அவளைக் கேலி செய்வதில்லை.

சுதந்திரம் வந்து இரண்டு மூன்று வருடம் கழித்து அண்ணனுக்கு நீரிழிவு வந்தது. அப்போது அவனுக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை. வயலில் வரப்பு வெட்டுகிறவன், வெட்டிக்கொண்டிருக்கும்போதே செம்பு செம்பாகத் தண்ணீர் கேட்டான். அவன் ஒன்றுக்குப் போன இடத்தில் எறும்பு மொய்த்ததை முதலில் பார்த்தவள் மைனிதான். நாகர்கோவிலில் ஒரு டாக்டர் பார்த்துவிட்டு, தினமும் இன்சுலின் ஊசி போட வேண்டும் என்றார். அண்ணன் பாம்பைக் கண்டால் ஓடமாட்டான். ஊசியைக் கண்டால் முகம் வெளுத்துவிடும். கொஞ்ச நாள் போட்டுக்கொண்டான். ஒருநாள் ஊசி போட்டபின் வியர்த்து ஊற்றி மயங்கி விழுந்தான். அதோடு, "இனி அந்தப் பக்கம் என்னைக் கூப்பிடாதிய" என்று கையை உதறிவிட்டான். ஊசியைத் தொடங்கினால் சாகும்வரை நிறுத்த முடியாது என்று ஊரிலும் சொன்னார்கள். அதில் பொய் ஒன்றும் இல்லை.

சர்க்கார் ஆயுர்வேத வைத்தியசாலையின் வைத்தியர் நல்ல மனிதர். திருவனந்தபுரத்தில் முறைப்படி படித்தவர். ஊசியையும் விடாதே, கூடவே இதையும் குடி என்றுதான் சீந்தில் கஷாயம் எழுதிக்கொடுத்தார். ஊசியை ஏற்கெனவே விட்டாயிற்று என்பதை அண்ணன் அவரிடம் சொல்லவில்லை. சொல்லக்கூடாது என்று எங்களையும் கண்ணாலேயே அடக்கிவிட்டான். நான் அப்போது திருவனந்தபுரத்தில் ரசாயனம் படித்துக்கொண்டிருந்தேன். விடுமுறைக்கு வரும்போது கண்டதைத்தான் சொல்கிறேன். மைனி விடியற்காலையில் தண்டை வெட்டித் தோல் சீவி, இடித்துக் கொதிக்க வைத்து, ஆறியதும் கொண்டு கொடுப்பாள். அண்ணன் ஒரு மடக்கு குடிப்பான். அடுத்த மடக்கில் எல்லாம் வெளியே வந்துவிடும். பனங்கற்கண்டு கூடாது, தேனும் கூடாது. நாளாக ஆக, கிண்ணத்தைக் கண்டாலே குமட்டினான். ஏற்கெனவே மெலிந்த உடம்பு, குடிப்பதைவிட வாந்தியெடுப்பதுதான் அதிகம். மைனி வைத்தியரைத் தேடிப் போனாள். நானும் கூடப் போயிருந்தேன்.

வைத்தியசாலையில் அன்று கூட்டம். வைத்தியர் ஒரு நோயாளியின் காலில் எண்ணெய்த் துணியைச் சுற்றிக்கொண்டே மைனி சொன்னதைக் கேட்டார். கஷாயம் தங்கவில்லை என்றால் சீந்தில் சர்க்கரை கொடுக்கலாம் என்றார். சர்க்கரை என்பது பெயர்தான். தண்டை இடித்துத் தண்ணீரில் கரைத்தால் அடியில் வெளுப்பாகத் தங்கும் பொடி அது. அளவு குறைவு, மோரில் கலந்தால் விழுங்கிவிடலாம்.

"எப்படி எடுக்கணும் வைத்தியரே?"

"கூவைமாவு எடுக்கத் தெரியுமில்லியா பிள்ளே? அதுபோலத்தான். இடிச்சுக் கலக்கி வை. தங்கினதும் மேல்வெள்ளத்தை வடிச்சிட்டு, அடியில உள்ளதை வெயில்ல உணக்கி எடு."

"கூவைமாவா?" மைனியின் முகம் அப்படி மலர்ந்ததை அதற்கு முன்னால் நான் பார்த்ததில்லை. "அது நான் கண்ணை மூடிக்கிட்டு எடுப்பேன்."

வைத்தியர் அடுத்த நோயாளியைக் கூப்பிட்டார். அவர் சொன்னதில் தப்பு இல்லை. ஒரு வேலையைப் புதிதாக விளக்குவதைவிடத் தெரிந்த வேலையைக் காட்டிச் சொல்வது நல்லது என்று எந்த ஆசிரியரும் சொல்வார். நானே வகுப்பில் ஆயிரம் தடவை அப்படிச் செய்திருக்கிறேன். கூவையில் வேண்டாதது எதுவோ அதுதான் சீந்திலில் வேண்டியது என்று சொல்ல மட்டும் அவருக்குத் தோன்றவில்லை. கைப்புப் போனால் மருந்து போயிற்று என்பது அவருக்குச் சொல்லித் தெரிய வேண்டிய விஷயமே அல்ல. அதே போல, கைப்புப் போகாத மாவை வடித்து முடித்த மாவு என்று மைனியால் நினைக்கவே முடியாது.

அன்றிலிருந்து வீட்டில் அவளுக்கு வேறு வேலை ஓடவில்லை. ஒரு கட்டுத் தண்டை இடித்தால் ஒரு கைப்பிடி மாவுகூடத் தேறாது. அதற்காக உரலில் இடித்து இடித்து அவள் உள்ளங்கை காய்த்துப் போயிற்று. இடித்ததைத் தண்ணீரில் பிசைந்து நார் களைந்து வடிகட்டி, பெரிய சருவத்தில் மூடி வைப்பாள். மறுநாள் மேலே நிற்கும் பழுப்புத் தண்ணீரைச் சாய்த்துக்கொண்டுபோய்ப் புழக்கடை வாழை மூட்டில் ஊற்றுவாள். புதுத் தண்ணீர் விடுவாள். நாக்கில் தொட்டுப் பார்ப்பாள். கைப்பு இருக்கும். மறுபடி விடுவாள். கூவையைவிட இது பிடிவாதக்காரக் கைப்பு என்று என்னிடம் அலுத்துக்கொண்டாள். கடைசியில் ஒருநாள், போராடி ஜெயித்தவள் மாதிரி, கைவிரலில் மாவைத் தொட்டு என் நாக்கருகே நீட்டினாள்.

"பாரு மக்கா, ஒரு பொடி கைப்பு உண்டுமா?"

இல்லை. மாவுக்கு மாவு ருசிதான் இருந்தது. எனக்கும் அது சந்தோஷமாகவே இருந்தது. ரசாயனம் படிக்கிறவன் என்று பெயர். எனக்கும் எதுவும் உறைக்கவில்லை.

அண்ணன் மோரில் கலந்து கொடுத்ததை முகம் சுளிக்காமல் குடித்தான். வாந்தி நின்றது. வாந்தி நின்றதே பெரிய குணம் மாதிரி எங்களுக்குத் தெரிந்தது. மைனி அவனுக்கு அரிசிச்சோற்றைக் குறைத்துக் கேப்பையும் கீரையுமாகக் கொடுத்தாள். அதில் கொஞ்சம் உடம்பு நின்றிருக்கும். அம்மை பக்கத்து வீட்டில் போய், "எனக்க மருமக அமிர்தையே கைக்காம பண்ணிட்டாளே" என்று பெருமை பேசினாள். மேற்கேயிருந்து வந்தவளை மருமகள் என்று அவள் வெளியே பெருமையாகச் சொன்னது அந்தக் கொஞ்ச காலம்தான். வீட்டில் எல்லாரும் ஒருவரோடொருவர் நன்றாக இருந்தோம். ஊசிப் பேச்சை யாரும் எடுக்கவில்லை. ஒரு வருடத்துக்குக் கிட்டத்தட்ட அப்படிப் போயிற்று.

பிறகு அண்ணனின் முதுகில் ஒரு பரு வந்தது. நாலைந்து நாளில் அது பல வாயுள்ள புண்ணாகப் பரந்தது. ராஜபிளவை என்பார்கள். நீரிழிவுக்காரன் முதுகில் அந்தப் பெயரைக் கேட்டாலே அந்தக் காலத்தில் வீட்டில் அடுப்பு எரியாது. நான் தகவல் கிடைத்து வந்து சேர்ந்தபோது வைத்தியரும் வந்திருந்தார். அண்ணன் குப்புறப் படுத்திருந்தான். புண்ணைப் பார்த்தவுடன், இது என் கையில் இல்லை, உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள் என்றார். ஊசி எப்போது நின்றது என்ற கேள்விக்கு அப்போதுதான் உண்மையான பதில் கிடைத்தது. கோபப்பட்டுப் பேச வாயெடுத்தவர், அடக்கிக்கொண்டு, சீந்தில் சர்க்கரையைக் கொண்டுவரச் சொன்னார்.

மைனி பீங்கான் பரணியோடு வந்தாள். அவர் ஒரு சிட்டிகை எடுத்து நாக்கில் வைத்தார். இன்னொரு சிட்டிகை எடுத்தார். பிறகு மைனியை நிமிர்ந்து பார்த்தார்.

"இதுல கைப்பு எங்கே பிள்ளே?"

"கைப்பு முழுக்கப் போறது வரை வடிச்சேன் வைத்தியரே. சுத்தமாட்டு எடுத்திருக்கேன்."

"வடிச்ச வெள்ளம்?"

"வாழை மூட்டுல ஊத்தினேன்."

வைத்தியர் பரணியை மெல்லக் கீழே வைத்தார். "கைப்புதான் மருந்து" என்றார். அதைச் சொல்லும்போது அவர் மைனியைப் பார்க்கவில்லை, தன் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதற்குப் பிறகு, "நான்தானே கூவைமாவுன்னு சொன்னேன்" என்று முணுமுணுத்தது பக்கத்தில் நின்ற எனக்குக் கேட்டது. அம்மைக்குக் கேட்கவில்லை. அவளுக்கு முதல் சொல்லே போதுமாக இருந்தது.

"எம்பிள்ளைக்கு உள்ளதை வாழைக்கு ஊட்டிட்டியேட்டி!"

கத்தவில்லை. சாதாரணமாகத்தான் சொன்னாள். சில சொற்களைக் கத்தியிருந்தால்கூட நாளடைவில் மறக்கலாம். அப்போது அண்ணன் குப்புறப் படுத்தபடியே, "ஏட்டி, எனக்குக் கொஞ்சம் வெள்ளம் கொண்டா" என்றான். அவன் வாயில் மைனியின் ஊர்ச்சொல்லான வெள்ளத்தை நான் முதன்முதலாகக் கேட்டேன். மைனி செம்பை எடுக்கப் போனாள்.

ஆஸ்பத்திரியில் ஊசி போட்டார்கள், புண்ணைக் கீறினார்கள். உடம்பு எல்லை தாண்டியிருந்தது. ஒரு வாரத்துக்குள் அண்ணனை உயிரில்லாமல் திரும்பக் கொண்டுவந்துவிட்டோம்.

அதற்குப் பிந்தைய வருடங்களைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. பிள்ளை இல்லாத மைனி பிறந்த வீட்டுக்குப் போகாமல் எங்களோடேயே இருந்தாள். வயலைக் குத்தகைக்கு விட்டோம். அம்மைக்குக் கண் மங்கியது, பிறகு எழுந்து நடக்க முடியாமல் போயிற்று. குளிப்பாட்டியதும் ஊட்டியதும் மைனிதான். புழக்கடைப் பக்கம் காற்றில் வாழையிலை சடசடத்தால் அம்மை ஒரு பெருமூச்சு விடுவாள். மைனி தலையைக் குனிந்துகொண்டு கஞ்சியை ஆற்றிக்கொண்டிருப்பாள். இதைத் தவிர இருவரும் அதைப் பற்றிப் பேசியதே இல்லை. அந்தச் சொல்லைத் திரும்ப எடுத்துக்கொள்ளாமலேயே அம்மை போய்ச் சேர்ந்தாள். விடுமுறைக்கு வரும்போதெல்லாம் அந்த வீட்டுக்குள் நுழைய எனக்குக் கால் கூசியது. எவ்வளவு சீக்கிரம் பஸ் ஏறலாம் என்று பார்ப்பேன்.

படிப்பு முடிந்து திருவனந்தபுரத்திலேயே ஒரு கல்லூரி ஆய்வுக்கூடத்தில் வேலை கிடைத்தது. எங்கள் கிணற்றங்கரையிலிருந்து ஒரு கட்டுத் தண்டைச் சாக்கில் சுற்றி அங்கே கொண்டுபோனேன். யாரும் கேட்காத ஆராய்ச்சி. கஷாயத்தை ஒரு குழாயில் எடுத்து, கைப்பான காரப்பொருள், அதாவது ஆல்கலாய்டு, இருந்தால் கலங்கிக் காட்டும் கரைசலை விட்டேன், நன்றாகவே கலங்கியது. மைனி வடித்தது போலப் பல தண்ணீரில் வடித்த மாவைக் கரைத்து விட்டேன். கலங்கவில்லை. ஒரு சொட்டு அயோடினுக்கு மட்டும் கருநீலமாக மாறியது. அதாவது வெறும் மாவு. அதோடு நிறுத்தியிருக்கலாம். வைத்தியர் எண்ணிய முறையில், ஒரே ஒரு தண்ணீர் வடித்தும் எடுத்துப் பார்த்தேன். அதிலும் கலக்கம் கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும்தான் இருந்தது. பெரும்பாலும் அதுவும் மாவுதான். என்னோடு தங்கியிருந்த மருத்துவ மாணவனின் புத்தகங்களையும் புரட்டினேன். இள வயதில், உடம்பை உருக்கிக்கொண்டு வரும் நீரிழிவுக்கு ஊசி ஒன்றுதான் வழி. வேறெதுவும் கொஞ்சம் கைகொடுக்கலாம், உயிரைப் பிடித்து நிறுத்தாது என்று இருந்தது. சீந்திலை முழுக் கைப்போடு குடம் குடமாகக் குடித்திருந்தாலும் அண்ணன் போயிருப்பான். வாழை மூட்டில் போனது அவன் உயிர் அல்ல.

அதைத் தெரிந்துகொண்ட அன்று நான் அழுதேன் என்று சொல்ல வெட்கமில்லை. யாருக்காக என்று கேட்டால் மைனிக்காக என்றுதான் சொல்வேன்.

எங்கள் பகுதி சென்னை ராஜ்யத்தோடு சேர்ந்த ஆண்டு அது. ஊரெல்லாம் தோரணம். சர்க்கார் உத்தியோகஸ்தர்கள் பலர் கேரளத்துக்கு மாறிப் போனார்கள். வைத்தியரும் போகிறார் என்று கேள்விப்பட்டு ஊருக்கு வந்த நான் அவரைப் பார்க்கப் போனேன். மருந்துக் குப்பிகளை வைக்கோல் வைத்துப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும், "கூவைமாவுன்னு நான் சொல்லாம இருந்திருக்கணும் தம்பி" என்றுதான் ஆரம்பித்தார். இத்தனை வருடத்தில் என்னைப் பார்க்கும்போதெல்லாம் அவர் வாயில் வந்தது அதுதான். நான் ஆய்வுக்கூடத்தில் கண்டதைச் சொன்னேன். இரண்டு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டார். தன் சாஸ்திரத்தைக் குறைத்துச் சொல்கிறேன் என்று சண்டைக்கு வருவார் என எதிர்பார்த்தேன். வரவில்லை. பெட்டியின் மேல் உட்கார்ந்து மேல்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "நிம்மதியாட்டுப் போறேன்" என்று என் கையைப் பிடித்தார். அந்த நிம்மதியை அப்படியே கொண்டுபோய் மைனிக்கும் கொடுத்துவிடலாம் என்று வீட்டுக்கு விரைந்தேன்.

மைனி அடுக்களை வாசலில் சொளவில் உளுந்து புடைத்துக்கொண்டிருந்தாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து மெல்ல எல்லாவற்றையும் சொன்னேன். குழாய்கள், கரைசல், புத்தகம் எல்லாம். "அதனால மைனி, அது கைப்போட இருந்திருந்தாலும் அண்ணன் பிழைச்சிருக்கப் போறதில்லே. நீங்க செஞ்சதுனால ஒண்ணும் ஆகல்லே. ஒண்ணுமே ஆகல்லே" என்றேன்.

சொளவு நின்றது. அவள் முகத்தில் நான் எதிர்பார்த்த எதுவும் வரவில்லை.

"நீ படிச்சவன். நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றாள். உளுந்தைக் கையால் பரப்பினாள். "ஆனா எனக்ககிட்ட அதைச் சொல்லாத மக்கா. சரியாட்டு எடுத்திருந்தா அவரு இருந்திருப்பாருன்னே இருக்கட்டு. அவருக்க உயிரு எனக்க கையில இருந்துதுன்னு நெனச்சுத்தான் நான் இத்தனை நாளு இந்த வீட்டுல கெடக்கேன். அதுவும் இல்லேன்னா, அந்த ஒரு வருசம் நான் அவருக்கு ஆரு?"

மறுபடி புடைக்கத் தொடங்கினாள். நான் எழுந்து வெளியே போனேன். தெருவில் யாரோ இனிப்புக் கொடுத்தார்கள், வாங்கிக்கொண்டேன். மைனி அதன்பின் நீண்ட காலம் இருந்தாள். அவள் போகும்வரை நான் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

பிறகு மருந்தியலைப் பாடமாக நடத்தி, ஓய்வும் பெற்றேன். சீந்திலுக்கு இப்போது உலகமெங்கும் மவுசு. அதில் பெர்பெரின் போன்ற காரப்பொருள்கள் உண்டு, இரத்தச் சர்க்கரையைச் சிறிது இறக்கும், உடம்பின் எதிர்ப்பைத் தூண்டும் என்றெல்லாம் ஆராய்ந்து எழுதுகிறார்கள். கண்மூடித்தனமாக மாதக்கணக்கில் குடித்துச் சிலர் ஈரலைக் கெடுத்துக்கொண்டதையும் எழுதுகிறார்கள். வண்ண வண்ண டப்பாக்களில் மாத்திரையாக வருகிறது. விழுங்குகிறவனுக்குக் கைப்பே தெரியாது. அதைப் பற்றிக் கேட்டால் இரண்டு பக்கமும் எடைபோட்டுப் பதில் சொல்வது என் தொழில். சொல்லிச் சொல்லி அலுத்தும் போயிற்று.

போன மாதம் எங்கள் தெருவில் இருக்கும் ஒரு பெண் வந்தாள். சின்னப் பெண். புருஷனுக்குச் சர்க்கரை, தினம் ஊசி போடுகிறான். அவள் விடியற்காலையில் எழுந்து எங்கிருந்தோ சீந்தில் தண்டு தேடி வந்து, இடித்துச் சாறு எடுத்துக் கொடுக்கிறாளாம். விரல்களெல்லாம் காய்த்திருந்தன. "இதனால அவங்களுக்கு ஏதாவது பலன் உண்டா சார்?" என்று கேட்டாள். ஊசியை ஒரு நாளும் நிறுத்தக்கூடாது என்றேன். அளவு மிஞ்ச வேண்டாம், டாக்டரிடம் சொல்லி ஈரலைச் சோதித்துக்கொள்ள வேண்டும் என்றேன். எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். ஆனால் கேட்ட கேள்விக்கு இன்னும் பதில் வரவில்லை என்று நின்றுகொண்டே இருந்தாள்.

உண்டும்மா, நீ செய்வதற்குப் பலன் உண்டு என்றேன்.